குப்பத்து மணலில் பீட்டர் பேன்: எந்தப் படம், எப்படித் திரையிடுவது

வளரவே மறுக்கும் பையன் பீட்டர் பேன், ஒரு வீட்டுப் பிள்ளைகளை நெவர்லேண்ட் என்ற மாயத் தீவுக்குப் பறந்து கூட்டிப்போகும் கதையைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் 1953இல் வந்த டிஸ்னி கார்ட்டூனைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வீட்டு டிவியில் பார்ப்பதற்கு அது சரி. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ மணலில் பாய் விரித்து அறுபது பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுவதாக இருந்தால், 1924இல் ஹெர்பர்ட் பிரெனன் இயக்கிய மௌனப்படத்தில் தொடங்குங்கள். நூறு வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பிள்ளைகள் உட்காருவார்களா என்று தயங்க வேண்டாம். பேச்சே இல்லாத படத்துக்கு டப்பிங் தேவையில்லை. மைக்கைப் பிடித்துக் கதை சொல்ல ஊரில் ஒருவர் இருந்தால் அது அப்படியே தமிழ்ப் படமாகிவிடும். மௌனப்பட காலத்தில் நம் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார். அந்த வேலையைத்தான் மறுபடி செய்யப்போகிறோம்.

இன்னொரு காரணம் உரிமை. ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கானது. அதை ஊர் நடுவில் திரை கட்டிக் காட்ட உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவில் ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்தான். 1924ஆம் ஆண்டுப் படம் அதை எப்போதோ தாண்டிவிட்டது. அமெரிக்காவிலும் 2020 ஜனவரி 1 முதல் அது பொதுச் சொத்து. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. பிற்காலத்தில் மீட்டெடுத்து வெளியிட்ட பிரதிகளில் சேர்த்திருக்கும் இசை புதியது, அதற்குத் தனி உரிமை இருக்கும். ஆகவே படத்தை மட்டும் ஓட்டுங்கள், ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள். சத்தம் நம்முடையதாக இருக்கட்டும்.

பிரதியைப் பார்த்து எடுங்கள். முழுப் படம் சுமார் 1 மணி 45 நிமிடம் ஓடும். அதைவிட மிகவும் குறைவாக இருந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் டைட்டில் கார்டில் இருக்கும் எழுத்தை லேப்டாப் திரையிலேயே படிக்க முடியாவிட்டால் அந்தப் பிரதி வேண்டாம், துணியில் இன்னும் மங்கும்.

நாள் குறிப்பது

கோடைதான் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், பள்ளிக்கும் லீவு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் படத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை. மே மாதக் கடைசியில் சூரியன் ஆறரை மணிவாக்கில் மறையும், ஏழு மணிக்குத்தான் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியும். ஆறே முக்காலுக்கே பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று படத்தைப் போட்டுவிட்டால் முதல் பதினைந்து நிமிடம் வெளிறிப்போய், நானா என்ற நாய் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அருமையான காட்சி வீணாகும். அந்த நேரத்துக்குக் கதை சொல்லி வையுங்கள்.

ஏழுக்குத் தொடங்கி, பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பறந்து போன இடத்தில் பத்து நிமிட இடைவேளை விட்டால் ஒன்பதுக்கு முடியும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதற்கு முன்னால் என்றாலும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வலை காயும், எந்த வழியாகப் படகு இழுப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழை ஒரு பக்கம் இருக்க, மழை விட்ட மாலையில் புரொஜக்டர் வெளிச்சத்துக்கு ஈசல் மொய்த்தால் லென்ஸும் தெரியாது, படமும் தெரியாது. தை, மாசியில் காட்டுவதானால் புரொஜக்டருக்கு மேல் ஒரு குடை கட்டுங்கள். எட்டு மணிக்கு மேல் இறங்கும் பனி லென்ஸில் படியும்.

திரை

1924ஆம் ஆண்டுப் படம் ஏறக்குறைய சதுர வாக்கில், 4:3 கணக்கில் எடுத்தது. 10 அடி அகலம், ஏழரை அடி உயரத்துக்குத் துணி வேண்டும். இப்போது விற்கும் திரைகள் 16:9 கணக்கு. 10 அடி அகலத் திரை ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதலான உயரம்தான் இருக்கும், அதில் இந்தப் படத்தைக் காட்டினால் ஏழரை அடி அகலத்துக்குச் சுருங்கிவிடும். கெட்டியான வெள்ளைக் காடாத் துணியை இரண்டு அகலமாகத் தைத்துக்கொள்ளுங்கள். தையல் குறுக்காக, திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். நடுவில் நெட்டாக வந்தால் நடிகர் முகத்தை அது கிழிக்கும். பின்பக்கம் கறுப்புத் துணி ஒன்றை ஒட்டிக் கட்டினால் பின்னால் எரியும் தெருவிளக்கு ஊடுருவாது.

கம்புக்கு அலைய வேண்டாம். கடலூர்ப் பக்கம் சவுக்குக் கழி எங்கும் கிடைக்கும். 14 அடிக் கழி இரண்டு, 11 அடிக் கழி இரண்டு. நெட்டுக் கழியை மணலில் குறைந்தது இரண்டரை அடி புதைத்து, அடியில் மணல் மூட்டை வைத்து அண்டை கொடுங்கள். ஒவ்வொரு கழிக்கும் முன்னும் பின்னும் இழுகயிறு வேண்டும். முடிச்சை வலை கட்டுகிற அண்ணன்மார்களிடம் விட்டுவிடுங்கள்.

துணி கிழிவது காற்றால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் துணியை விறைப்பாகக் கட்டியதால்தான் கிழிகிறது. துணி ஓரத்தில் கயிறு கோக்கும் கண்ணிக்கும் கயிற்றுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை அரை அடித் துண்டாக வெட்டிக் கட்டுங்கள். ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு கண்ணி. காற்று மோதும்போது டியூப் நீண்டு கொடுத்து, விட்டதும் துணியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். திசையும் முக்கியம். மாலையில் காற்று கடலிலிருந்து, கிழக்கிலிருந்து வரும். கடல் பின்னணியில் அழகாக இருக்குமே என்று திரையைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் அது பாய்மரமாகிவிடும். திரை வடக்கைப் பார்த்து நிற்கட்டும், பிள்ளைகள் தெற்கைப் பார்த்து உட்காரட்டும். காற்று துணியை உரசிக்கொண்டு ஓரமாகப் போய்விடும்.

கருவி

பழைய வகுப்பறை புரொஜக்டர் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 1024க்கு 768 புள்ளி உள்ள அந்தக் கருவி 4:3 படத்துக்கென்றே செய்தது போலிருக்கும். வெளிச்சம் 3000 ஆன்ஸி லூமன் (முறைப்படி அளந்த வெளிச்ச அளவு) இருந்தால் 10 அடித் திரைக்குப் போதும். மலிவு எல்இடி புரொஜக்டர் பெட்டியில் 9000 லூமன் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஆன்ஸி என்ற சொல் பக்கத்தில் இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. வகுப்பறைக் கருவிகளின் வீச்சு விகிதம் பெரும்பாலும் 1.5 அளவில் இருக்கும், அதாவது 10 அடி அகலப் படத்துக்குக் கருவி 15 அடி தள்ளி நிற்க வேண்டும். 16:9 கருவி என்றால் பக்கவாட்டில் வீணாகும் வெளிச்சத்தையும் சேர்த்து 20 அடி தள்ள வேண்டும். முந்தைய நாளே வீட்டுச் சுவரில் அளந்து பார்த்துவிடுங்கள்.

புரொஜக்டர் 300 வாட், ஸ்பீக்கர் 100, லேப்டாப் 60. மொத்தம் 460 வாட், அதாவது 2 ஆம்பியர். பக்கத்து வீட்டு பிளக் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி இறங்காதீர்கள். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் 1800 வாட் மணி இருந்தாலும் பாதிக்கு மேல் எடுப்பது அதன் ஆயுளைத் தின்னும். மிச்சம் 900, இரண்டு மணி நேரம் வராது. ஆனால் புரொஜக்டருக்கு மட்டும் 1 கேவிஏ யுபிஎஸ் அவசியம். கரண்ட் போனால் விளக்கு மட்டுமல்ல, அதைக் குளிரவைக்கும் ஃபேனும் நின்றுவிடும், சூட்டில் விளக்கு கெட்டுப்போகும். யுபிஎஸ் கொடுக்கும் ஐந்து நிமிடத்தில் முறையாக அணைத்துவிடலாம். வயர் இணைப்புகள் எல்லாம் செங்கல் மேல் இருக்கட்டும், ஈர மணலில் கிடக்கக் கூடாது.

கதைசொல்லியின் நோட்டு

இங்கேதான் உழைக்க வேண்டும். ஒரு நாள் மாலை உட்கார்ந்து படத்தை ஓட்டி, ஒவ்வொரு கார்டிலும் நிறுத்தி, நேரத்தையும் அதற்கான தமிழ் வரியையும் நோட்டில் எழுதுங்கள். கார்டு திரையில் நிற்கும் நேரத்துக்குள் சொல்லி முடிகிற வரியாக இருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு முட்டினால் வெட்டுங்கள். பேச்சுத் தமிழில் எழுதுங்கள், கடலூர்ப் பேச்சு கடலூருக்கு. இரண்டு முறை ஒத்திகை பார்த்தால் நோட்டைப் பார்க்காமலே பாதி வந்துவிடும்.

புதிதாகச் சொல்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: திரையில் தெரிவதையே சொல்வது. பீட்டர் பறக்கும்போது “பீட்டர் பறக்குறான்” என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது. தெரியாததைச் சொல்லுங்கள். கொள்ளையர் தலைவன் ஹூக்கின் கை எப்படிப் போனது, முதலை ஏன் அவனையே சுற்றுகிறது என்று சொல்லுங்கள். மற்ற நேரம் மைக்கைக் கீழே இறக்கிவிடுங்கள்.

பெயர்களை யோசித்து வையுங்கள். ஹூக்கைக் கொக்கிக் கேப்டன் என்றால் போதும். பீட்டருடன் வரும் குட்டித் தேவதை டிங்கர் பெல்லுக்குத் தேவதை என்று மட்டும் சொல்லி நழுவாதீர்கள். டிங்கர் என்றால் தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், ஓட்டை அடைப்பவர். தேவதை உலகத்தில் சட்டி பானை செப்பனிடுகிறவள் அவள். “ஈயம் பூசுற தேவதை” என்று சொன்னால் பாட்டிகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். பீட்டருடன் தீவில் இருக்கும் தொலைந்த பையன்கள் மூலக்கதையில் தள்ளுவண்டியிலிருந்து தவறி விழுந்தவர்கள், ஏழு நாளில் யாரும் தேடி வராததால் நெவர்லேண்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். தூளியிலிருந்து விழுந்தவர்கள் என்று மாற்றிச் சொல்லலாம், கதைக்கு ஒரு குறையும் வராது.

பீட்டராக நடிப்பது பெட்டி பிரான்சன் என்ற பெண். கதையை எழுதிய ஜே. எம். பேரியே அவரைத் தேர்ந்தெடுத்தார். 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் இந்தக் கதை நாடகமாக முதல்முதல் ஏறியபோதும் பீட்டராக வந்தது பெண்தான். “அது பொண்ணுதானே?” என்று முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு குரல் கட்டாயம் வரும். தெருக்கூத்தில் ஆண்கள் பாஞ்சாலி கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பகுதி இது, அதைச் சொல்லிப் புரியவையுங்கள். பையன்களுக்கே ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், பழக்கிய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவருக்குப் பின் இரண்டே வருடத்தில் வந்த படம் இது என்று சொன்னால் பெரியவர்கள் அதை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

சத்தம்

முதலை விழுங்கி அதன் வயிற்றில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின் சத்தத்துக்கு இரண்டு கொட்டாங்குச்சி போதும், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பாய் மேல் கவிழ்த்து வைத்துத் தோசைத் திருப்பியின் மரப்பிடியால் தட்டுங்கள். சின்னதில் டிக், பெரியதில் டாக், நொடிக்கு ஒன்று. மைக் நான்கு அங்குலம் தள்ளி இருக்கட்டும், ஒட்டி வைத்தால் டம் டம் என்று உடுக்கை போலக் கேட்கும். முதலை திரைக்கு வந்த பிறகு தட்டினால் பயன் இல்லை. ஐந்து நொடி முன்னாலேயே, மிக மெதுவாக ஆரம்பியுங்கள். ஹூக்குக்குத் தெரியும் முன் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட வேண்டும். இரண்டாவது முறை அந்தச் சத்தம் எழும்போது அறுபது பிள்ளைகளும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள்.

சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையோர ஊர்களில் காட்டும்போது இந்த இடத்தில் கவனம் தேவை. அங்கே முதலை நிஜம். அந்தப் பிள்ளைகளிடம், ஆற்றில் வரும் முதலைக்குக் கடிகாரச் சத்தம் கிடையாது, சத்தமே இல்லாமல்தான் வரும் என்று படம் முடிந்ததும் சொல்லிவிடுங்கள்.

டிங்கர் பெல்லுக்கு ஐந்தாறு சலங்கை மணியை ஒரு நூலில் கோத்து ஆட்டுங்கள். கொள்ளையர் வரும்போது தவில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குடமும் போதும். படம் முழுக்க வாசிக்காதீர்கள், தொடர்ந்து கேட்கிற சத்தம் பத்து நிமிடத்தில் காதில் விழாமல் போய்விடும்.

டிங்கர் பெல் விஷம் குடித்துச் சாகக் கிடக்கும்போது பீட்டர் நேரே நம்மைப் பார்த்துக் கை தட்டச் சொல்கிறான். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் நிறுத்துங்கள். கதைசொல்லி ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நொடி யாரும் தட்ட மாட்டார்கள், கூச்சம். பயந்துபோய் நீங்களே தட்டிவிடாதீர்கள். இரண்டாவது வரிசையில் பெரிய பிள்ளைகள் இருவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால் அவர்கள் ஆரம்பிப்பார்கள், மற்றது தானாக நடக்கும். கைதட்டல் ஏறஏறச் சலங்கையை மெல்ல எடுங்கள்.

பறப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை, இதை விட்டுவிடவே கூடாது. நாடகம் முதலில் ஏறியபோது நினைத்தாலே பறக்கலாம் என்றுதான் இருந்தது. லண்டன் பிள்ளைகள் வீட்டில் கட்டிலிலிருந்து குதித்து அடிபட்டார்கள், பெற்றோர் கேட்டுக்கொண்டதால்தான் தேவதைத் தூள் தூவாமல் யாரும் பறக்க முடியாது என்று பேரி சேர்த்தார். நம் பிள்ளைகளுக்கு மொட்டைமாடி இருக்கிறது, நிறுத்திய படகின் விளிம்பு இருக்கிறது. தூள் இல்லாமல் முடியாது என்பதைப் பறக்கும் காட்சியிலேயே இரண்டு முறை அழுத்திச் சொல்லுங்கள். இடைவேளையில் ஒரு ஆள் படகுகள் பக்கம் நிற்கட்டும்.

பிறகு வீட்டில்

1924ஐப் பார்த்த பிள்ளைகளுக்கு அடுத்து 1953 கார்ட்டூன், 77 நிமிடம். இதில் கைதட்டல் இல்லை, விஷத்துக்குப் பதில் வெடிகுண்டு. செவ்விந்தியத் தலைவரின் மகள் புலி லில்லியைக் கட்டிப்போட்ட பாறைக் குகையில் தண்ணீர் ஏறும் காட்சி உண்டு. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை பார்க்கிறதென்றால் பக்கத்தில் உட்காருங்கள். செவ்விந்தியர்களைக் கேலி செய்யும் பாட்டும் இதில் வருகிறது. டிஸ்னியே பிற்காலத்தில் இதற்கு முன்னெச்சரிக்கை சேர்த்தது. பாட்டைத் தாண்டி ஓட்டிவிடுவதைவிட, நிறுத்திப் பேசுவது நல்லது. நரிக்குறவர்களை நம் படங்கள் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தியதை எடுத்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு உடனே புரிகிறது.

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் பி. ஜே. ஹோகனின் 2003 படம். 113 நிமிடம், அகலத்திரை. மூலக்கதையின் இருட்டும் ஏக்கமும் பேசும் படங்களில் இதில்தான் சரியாக வந்திருக்கின்றன என்பது எங்கள் கருத்து. ஜேசன் ஐசக்ஸின் ஹூக் தன் ஆட்களையே சுட்டுத் தள்ளுவான், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 1991இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தில் பீட்டர் வளர்ந்து வக்கீலாகியிருப்பான். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல், முதல் பகுதி முழுக்கப் பெரியவர் கவலை, அதனால் இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டுங்கள். 2015 படம் முன்கதை, அதில் ஹூக் நண்பன். மற்றவற்றைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் குழம்பிப்போவார்கள். 2023இல் டேவிட் லோவரி எடுத்ததில் புலி லில்லியாகப் பூர்வகுடிப் பெண்ணே நடித்திருக்கிறார், 1953க்கு மறுநாள் காட்டினால் பேச நிறைய இருக்கும்.

இரண்டு படம் பார்த்ததும் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கொடுங்கள். கொக்கி எந்தக் கையில்? பேரி எழுதியது வலது கை, 2003இலும் வலது, டிஸ்னி இடதுக்கு மாற்றியது. பறந்துபோன பிள்ளைகளின் அப்பாவாகவும் ஹூக்காகவும் நடிப்பது ஒரே ஆளா? 1904 மேடையிலிருந்து வந்த வழக்கம் அது, 1953இல் குரல் ஒன்று, 2003இல் ஆளே ஒன்று, 1924இல் வேறு வேறு. கடைசியில் ஹூக் என்ன ஆனான்? கதையில் முதலை விழுங்கிவிடும், 2003இலும் அப்படித்தான், கார்ட்டூனில் நீந்திக்கொண்டே ஓடுவான். ஏன் தப்பவிட்டார்கள் என்று அவர்களே சொல்லட்டும். பதில் எப்படியும் சண்டையில்தான் முடியும், முடியட்டும்.

மணலில் காட்டிய மறுநாள் காலை துணியை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்புக்காற்று பட்ட துணியை அப்படியே மடித்து வைத்தால் மடிப்பில் கறுப்புப் புள்ளி விழும், அந்தக் கறை போகாது. டியூப் துண்டுகளைக் கயிற்றிலேயே விட்டுவிடுங்கள், அடுத்த முறை கட்ட அரை மணி நேரம் மிச்சம். புரொஜக்டரின் காற்று வடிகட்டியைக் கழற்றி மணலைத் தட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.